க்ரோத் ஸ்பைரல்: நல்ல கார்டுதான், ஆனா உங்க டெக்குக்கா?

மேஜிக் தி கேதரிங் விளையாடுற யார்கிட்டயாவது, "பச்சை-நீலம் டெக் ஒண்ணு போடுறேன், என்னென்ன வைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லும் முதல் சில பெயர்களுக்குள் க்ரோத் ஸ்பைரல் வந்துவிடும். ஏன் என்று கேட்டால், "ரெண்டே மானா, ஒரு கார்டும் எடுத்துக்கலாம், ஒரு லேண்டும் போட்டுக்கலாம், வேற என்ன வேணும்?" என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் காரணம் பாதிதான் சரி என்பது என் கருத்து. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நாலு காப்பியை டெக்கில் திணிக்கிறவர்கள், தோற்ற பிறகு "டிரா சரியில்ல மச்சி" என்று அதிர்ஷ்டத்தைத் திட்டுகிறார்கள். பாவம், அதிர்ஷ்டம் என்ன செய்யும்?

விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். மேஜிக்கில் உங்கள் டெக்கில் குறைந்தது 60 கார்டு. ஆரம்பத்தில் கையில் 7. ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு கார்டு எடுக்கலாம். முதலில் ஆடுபவருக்கு மட்டும் முதல் டர்னில் அது கிடையாது. ஒரு டர்னுக்கு ஒரு லேண்ட்தான் இறக்கலாம். லேண்ட் தருவது மானா. மானாதான் இந்த விளையாட்டின் காசு. அப்படிப் பார்த்தால் மூன்றாவது டர்னில் எல்லாருக்கும் அதிகபட்சம் மூன்று மானா. இந்த வரிசையைத் தாண்டி முன்னாடி ஓடுவதற்குப் பெயர்தான் ரேம்ப். மூன்றாவது டர்னிலேயே நாலு மானா வைத்திருப்பவர், எதிராளியைவிட ஒரு டர்ன் முன்னால் வாழ்கிறார்.

க்ரோத் ஸ்பைரல் 2019 ஜனவரியில் ராவ்னிகா அலீஜியன்ஸ் செட்டில் வந்தது. விலை ஒரு பச்சை, ஒரு நீலம். இன்ஸ்டன்ட். செய்யும் வேலை இரண்டு: ஒரு கார்டு எடு, பிறகு, விரும்பினால் உன் கையிலிருந்து ஒரு லேண்டைக் களத்தில் வை. அவ்வளவுதான். காமன் கார்டு. பூஸ்டர் பாக்கெட்டைப் பிரித்தால் யாரும் கண்டுகொள்ளாமல் ஓரமாக ஒதுக்கும் ரகம்.

"கார்டு அட்வான்டேஜ்" என்ற கட்டுக்கதை

முதலில் அந்த "கார்டும் கிடைக்குது" என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். பழைய ரேம்பன்ட் க்ரோத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1996இல் மிராஜ் செட்டில் வந்தது. அதுவும் இரண்டு மானா. லைப்ரரியிலிருந்து ஒரு பேசிக் லேண்டைத் தேடி எடுத்துக் களத்தில், டேப் ஆன நிலையில், வைக்கும். கார்டு எதுவும் எடுக்காது. மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்பைரல் ஒரு கார்டு அதிகம் தருகிற மாதிரி தோன்றும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ரேம்பன்ட் க்ரோத் போட்டால் கையில் ஒரு கார்டு குறைகிறது, களத்தில் ஒரு லேண்ட் கூடுகிறது. மொத்தக் கணக்கு சமம். ஸ்பைரல் போட்டால்? கையிலிருந்து ஸ்பைரல் போகிறது, ஒரு லேண்டும் போகிறது, ஒரு கார்டு வருகிறது. ஆக, கையில் ஒன்று குறைவு. களத்தில் ஒன்று கூடுதல். இதுவும் சமம்! இரண்டு கார்டுக்கும் ஐந்தொகை ஒன்றேதான். மூன்று மானாவுக்கு இரண்டு கார்டு தரும் டிவினேஷன் மாதிரி உங்களை ஒரு கார்டு முன்னால் கொண்டுபோகும் வேலை எதையும் ஸ்பைரல் செய்வதில்லை.

அப்போ வித்தியாசம் எங்கே? ரேம்பன்ட் க்ரோத் எப்போதும் ஒரு பேசிக் லேண்டாக மாறுகிறது. ஸ்பைரல் உங்கள் டெக்கின் மேலிருக்கும் ஏதோ ஒரு கார்டாக மாறுகிறது. இரண்டாவது டர்னில் உங்களுக்கு வேண்டியது நிச்சயம். அங்கே ரேம்பன்ட் க்ரோத் மேல். பத்தாவது டர்னில் இன்னொரு பேசிக் லேண்ட் வந்து என்ன ஆகப்போகிறது? அங்கே ஏதோ ஒரு கார்டு மேல். ஸ்பைரலின் உண்மையான பலம் இதுதான்: ஆட்டத்தின் எந்த நேரத்தில் வந்தாலும் அது முழுக்கக் குப்பை ஆவதில்லை. இது பெரிய குணம். ஆனால் "இலவச கார்டு" என்பது வேறு, இது வேறு.

அட்வான்ஸ் சம்பளமா, புதுச் சம்பளமா?

அடுத்து "லேண்டும் போட்டுக்கலாம்" என்ற பாதி. இதில்தான் பெரிய ஓட்டை. ஸ்பைரல் லேண்டைத் தேடித் தருவதில்லை. உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் மூன்று லேண்ட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டர்ன் ஒன்று, இரண்டாவது டர்ன் ஒன்று, ஸ்பைரல் போட்டு மூன்றாவதையும் இறக்கிவிட்டீர்கள். மூன்றாவது டர்ன் வருகிறது, கையில் லேண்ட் இல்லை. இப்போது உங்களிடம் இருப்பது மூன்று மானா. ஸ்பைரலே போடாமல் இருந்திருந்தாலும் அதே மூன்று மானாதான்! அடுத்த மாதச் சம்பளத்தை இந்த மாதமே அட்வான்ஸாக வாங்கின கதை. வாங்கின அன்று சந்தோஷம். ஒண்ணாம் தேதி கவர் காலி.

நான்காவது லேண்டும் வந்தால்தான் அது ரேம்ப். வரும் வாய்ப்பு எவ்வளவு? பிளஸ் ஒன்னில் படித்த சேர்மானங்கள் கணக்கு போதும். பையிலிருந்து சிவப்புப் பந்து, நீலப் பந்து எடுத்தோமே, அதேதான்.

60 கார்டு டெக், நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள், கையில் ஒரு ஸ்பைரல் இருக்கிறது. மூன்றாவது டர்னுக்குள் ஆரம்பக் கையின் 7, இரண்டு டிரா, ஸ்பைரல் தந்த ஒன்று என்று 10 கார்டு பார்த்திருப்பீர்கள். ஸ்பைரலைக் கழித்தால் 9. அந்த 9இல் நாலு லேண்டாவது இருக்க வேண்டும். முலிகன், நிறப் பிரச்சினை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தோராயமாகப் போட்டால்:

24 லேண்ட் வைத்த டெக்கில் சுமார் 54 சதவீதம்.
28 லேண்ட் வைத்த டெக்கில் சுமார் 71 சதவீதம்.

இதே கேள்வியை ரேம்பன்ட் க்ரோத்துக்குக் கேளுங்கள். நான்காவது லேண்டை அதுவே கொண்டுவருவதால், பார்த்த மற்ற 8 கார்டில் மூன்று லேண்ட் இருந்தால் போதும். 24 லேண்ட் டெக்கிலேயே சுமார் 71 சதவீதம்.

இந்த இரண்டு 71ஐயும் சேர்த்துப் பாருங்கள். ரேம்பன்ட் க்ரோத் 24 லேண்டில் செய்யும் வேலையை ஸ்பைரல் செய்ய வேண்டுமென்றால் 28 லேண்ட் தேவைப்படுகிறது. ஸ்பைரலின் விலை இரண்டு மானா என்று கார்டில் அச்சடித்திருக்கிறது. அச்சடிக்காத விலை, உங்கள் டெக்கில் நாலு இடம். நாலு நல்ல ஸ்பெல்லை வெளியே எடுத்துவிட்டு நாலு லேண்டை உள்ளே வைக்க நீங்கள் தயாரா? தயார் இல்லையென்றால், உங்கள் டெக்கில் ஸ்பைரல் என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டிப் பார்க்கும் வேலை.

அப்புறம் ஏன் அதைத் தடை செய்தார்கள்?

நியாயமான கேள்வி. இவ்வளவு ஓட்டை உள்ள கார்டு என்றால், 2020 ஆகஸ்ட் 3ஆம் தேதி விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அதை ஸ்டாண்டர்ட் ஃபார்மேட்டில் ஏன் தடை செய்தது? ஒரு காமன் கார்டை!

முதல் காரணம், அந்த "இன்ஸ்டன்ட்" என்ற ஒற்றைச் சொல். ஸ்பைரலுக்கு ஒரு அண்ணன் உண்டு: எக்ஸ்ப்ளோர், 2010இல் வேர்ல்ட்வேக் செட்டில் வந்தது. இரண்டு மானா, இந்த டர்னில் இன்னொரு லேண்ட் போடலாம், ஒரு கார்டு எடு. கிட்டத்தட்ட அதே வேலை. ஆனால் அது சோர்ஸரி; உங்கள் டர்னில்தான் போட முடியும். ஸ்பைரலை எதிராளியின் டர்ன் முடியும்போது போடலாம். இரண்டு லேண்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். எதிராளி பெரிதாக ஏதாவது போட்டால், அதே செட்டில் வந்த இரண்டு மானா க்வென்ச்சால் தடுக்கலாம். அவர் ஒன்றும் போடவில்லையா? ஸ்பைரலைப் போட்டுவிட்டு உங்கள் டர்னைத் தொடங்குங்கள். எந்தப் பக்கம் போனாலும் மானா வீணாகவில்லை. வழக்கமாக ரேம்ப் டெக்குக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் டெக்குக்கும் ஆகாது. ஒன்று தன் டர்னில் செலவழிக்க வேண்டும், இன்னொன்று சேமித்து வைக்க வேண்டும். ஸ்பைரல் அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தது.

இன்னொரு நுணுக்கம். ஸ்பைரல் லேண்டை "விளையாடு" என்று சொல்லவில்லை, "வை" என்கிறது. அதனால் டர்னுக்கு ஒரு லேண்ட் என்ற கணக்கில் அது சேராது. வைக்கும் லேண்ட் தானாக டேப் ஆவதும் இல்லை. நான்காவது டர்னில் ஸ்பைரல் போட்டு டேப் ஆகாத லேண்ட் ஒன்றை வைத்தால், உண்மையில் செலவானது ஒரு மானாதான்.

இரண்டாவது காரணம், அது வாழ்ந்த காலம். அந்த ஸ்டாண்டர்டில் நாலு மானா வைல்டர்னஸ் ரெக்லமேஷன் இருந்தது. உங்கள் டர்ன் முடியும்போது எல்லா லேண்டையும் அன்டேப் செய்யும். மூன்றாவது டர்னில் அதை இறக்கியவருக்கு அதே டர்னில் இன்னொரு நாலு மானா. ஐந்து மானா நிஸ்ஸா, ஹூ ஷேக்ஸ் தி வேர்ல்ட் இருந்தது; ஒவ்வொரு ஃபாரஸ்ட்டும் கூடுதலாக ஒரு பச்சை தரும். 2020 ஜனவரியில் உரோ வந்தது: மூன்று மானாவுக்கு மூன்று லைஃப், ஒரு கார்டு, ஒரு லேண்ட், பிறகு கிரேவ்யார்டிலிருந்து 6/6 ராட்சதனாகத் திரும்பி வரும். இப்படிப்பட்ட சூழலில் 28 லேண்ட் வைப்பது தியாகமே இல்லை. அதிக மானா வந்தால் அதைத் தின்ன ஆள் காத்திருந்தது. அச்சடிக்காத விலை என்றேனே, அதை மற்ற கார்டுகள் கட்டிவிட்டன.

தடை சரிதானா?

இதில் நம் ஆட்களிடம் ஒரு வாதம் ஓடிக்கொண்டே இருக்கும். "ஸ்பைரல் அப்பாவி. தப்பு செஞ்சது உரோ, ரெக்லமேஷன். கூட நின்னவனையும் சேர்த்துப் பிடிச்சுட்டாங்க." ரெக்லமேஷனும் அதே நாளில் தடையானது, உரோ 2020 செப்டம்பர் 28இல் தடையானது. அப்படியிருக்க ஸ்பைரலை விட்டிருக்கலாமே என்கிறார்கள்.

எனக்கு உடன்பாடு இல்லை. தடை சரி என்பேன்.

ரேம்ப் டெக்குக்கு இயற்கையாகவே ஒரு பலவீனம் உண்டு. பாதி கார்டு மானா தருவது, பாதி கார்டு மானாவைத் தின்பது. சில ஆட்டங்களில் மானா மட்டும் குவியும், செலவழிக்க ஒன்றும் இருக்காது. சில ஆட்டங்களில் கை நிறைய ஏழு மானா கார்டு, களத்தில் மூன்று லேண்ட். இந்த ஆபத்துதான் ரேம்ப் கட்டும் வரி. இந்த வரி இருப்பதால்தான் வேகமான சிவப்பு டெக்கும், நடுத்தர டெக்கும் அதோடு மோத முடிகிறது. மானாவையும் கார்டையும் ஒரே ஸ்பெல்லில் தருவது இந்த வரியைத் தள்ளுபடி செய்கிறது. ரேம்ப் போடும்போதே அடுத்த கார்டையும் தேடிக்கொள்கிறீர்கள் என்றால், தடுமாறுவது எப்போது?

அந்த ஆண்டின் தடைப் பட்டியலையே பாருங்கள். ஆகஸ்டில் க்ரோத் ஸ்பைரல். செப்டம்பரில் உரோ. அக்டோபர் 12இல் எஸ்கேப் டு தி வைல்ட்ஸ்; அது ஐந்து மானாவுக்கு ஐந்து கார்டைத் திறந்து காட்டி, கூடுதலாக ஒரு லேண்டும் போடச் சொல்லும் ஸ்பெல். பத்து வாரத்துக்குள் மூன்று கார்டு. மூன்றுக்கும் பொதுவான குணம், ஒரே மூச்சில் கார்டும் லேண்டும். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரிய கார்டுகள் செட்டுக்குச் செட்டு மாறும். அவற்றைத் தூக்கிக்கொண்டு வரும் வண்டி அப்படியே இருந்தால், அடுத்து வருவதும் அதே வேகத்தில் வரும். வண்டியையும் நிறுத்தியது நியாயம்.

எதிர்த்தரப்பில் ஒரு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அரினாவில் ஆடும் மாணவர் கையில் காமன் வைல்ட்கார்டு தாராளமாக இருக்கும். ரேரும் மிதிக்கும்தான் பஞ்சம். அதனால் காமன் கார்டு தடையாகும்போது "ஏழை கார்டைப் பிடுங்கிட்டாங்க" என்று தோன்றும். ஆனால் அந்த ஏழை கார்டு யாருக்கு வேலை செய்தது? நிஸ்ஸா ரேர். உரோ மிதிக். இரண்டாவது டர்னில் பச்சையும் நீலமும் ஒழுங்காக வர ப்ரீடிங் பூல் வேண்டும், அதுவும் ரேர். ஸ்பைரல் மலிவு, ஸ்பைரல் டெக் மலிவு இல்லை. மலிவான ஒரு கார்டு, விலை உயர்ந்த பத்து கார்டை வாங்க வைத்தது. ஹாஸ்டல் பட்ஜெட்டில் ஆடுகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

கமாண்டர் ஆடுறவங்க கவனத்துக்கு

நம்மில் பலர் ஆடுவது நாலு பேர் உட்கார்ந்து ஆடும் கமாண்டர். 100 கார்டு, பேசிக் லேண்ட் தவிர ஒவ்வொன்றிலும் ஒரே காப்பி, 40 லைஃப். இங்கே ஸ்பைரலை யோசிக்காமல் வைப்பது இன்னும் அதிகம்.

கணக்கைத் திரும்பப் பாருங்கள். 60க்கு 28 என்றால் டெக்கில் சுமார் 47 சதவீதம் லேண்ட். கமாண்டரில் 99 கார்டுக்கு 37 லேண்ட் வைத்தால் சுமார் 37 சதவீதம்தான். ஸ்பைரலுக்குத் தேவையான லேண்ட் அடர்த்தி இங்கே கிடையாது. அதே இரண்டு மானாவுக்கு ஆர்கேன் சிக்னெட் இருக்கிறது. உங்கள் கமாண்டரின் எந்த நிறத்தையும் தரும், கையில் லேண்ட் இருக்கிறதா என்று கேட்காது. நேச்சர்ஸ் லோர் இருக்கிறது. ஃபாரஸ்ட் வகை லேண்டை நேரடியாகத் தேடித் தரும். ரேம்புக்காக மட்டும் என்றால் இவை இரண்டுக்கும் பிறகுதான் ஸ்பைரல்.

விதிவிலக்கு உண்டு. உங்கள் கமாண்டர் டாட்யோவா, பென்திக் ட்ரூயிட் என்று வையுங்கள். லேண்ட் ஒன்று களத்துக்கு வந்தாலே ஒரு லைஃப், ஒரு கார்டு. அவர் களத்தில் இருக்கும்போது ஸ்பைரல் என்பது இரண்டு மானாவுக்கு இரண்டு கார்டு, ஒரு லேண்ட், ஒரு லைஃப், அதுவும் எதிராளியின் டர்னில். அந்த மாதிரி டெக்கில் 40 லேண்ட் வைத்தாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அங்கே ஸ்பைரலை எடுக்கச் சொன்னால் நான் உங்களோடு சண்டைக்கு வருவேன்.

வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

ஸ்பைரலுக்கு மட்டுமல்ல, "ரேம்பும் ஆச்சு, டிராவும் ஆச்சு" என்று விளம்பரத்தோடு வரும் எந்தக் கார்டுக்கும் மூன்று கேள்வி.

ஒன்று: லேண்ட் எங்கிருந்து வருகிறது? லைப்ரரியிலிருந்து என்றால் புதுப் பணம். கையிலிருந்து என்றால் அட்வான்ஸ். அட்வான்ஸ் என்றால் டெக்கில் லேண்டைக் கூட்டுங்கள், இல்லையென்றால் கார்டை எடுங்கள்.

இரண்டு: கூடுதல் மானாவை வைத்து அடுத்த டர்னே என்ன செய்வீர்கள்? மூன்றாவது டர்னில் நாலு மானா வந்து, அப்போதும் மூன்று மானா கார்டைத்தான் போடப் போகிறீர்கள் என்றால், எதற்கு அவ்வளவு அவசரம்? இரண்டு மானா செலவழித்து டர்னுக்கு ஒரு மானா திரும்ப வாங்குகிறீர்கள். இரண்டாவது டர்னில் போட்டால் மூன்றிலும் நாலிலும் முதல் திரும்புகிறது, ஐந்தில்தான் லாபம். அதற்குள் பெரிதாக ஏதாவது இறங்காவிட்டால் முதலீடு வீண்.

மூன்று: பின்தங்கி இருக்கும்போது இந்தக் கார்டு என்ன செய்யும்? எதிராளி சிவப்பு டெக், முதல் டர்னிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது டர்னில் நீங்கள் போட்ட ஸ்பைரல் ஒரு அடியையும் தடுக்கவில்லை. ஒரு லைஃபும் தரவில்லை. அந்த ஆட்டத்தைத் தாங்க டெக்கில் வேறு என்ன இருக்கிறது? உரோவை உரோ ஆக்கியதில் அந்த மூன்று லைஃபுக்குப் பெரிய பங்கு உண்டு. அது பின்தங்கியவனையும் தூக்கிவிட்டது. ஸ்பைரல் முன்னால் ஓடுகிறவனைத்தான் இன்னும் முன்னால் தள்ளும்.

மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக நாலு காப்பி வையுங்கள். க்ரோத் ஸ்பைரல் மோசமான கார்டு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மோசமான கார்டை யாரும் தடை செய்வதில்லை. அது ஒரு குறிப்பிட்ட டெக்கின் கார்டு. லேண்ட் நிறைய, மானாவுக்குப் பசி நிறைய, எதிராளியின் டர்னிலும் வேலை செய்யும் டெக். அந்த டெக்கை யாரோ ஒருவர் மொத்தமாக யோசித்துக் கட்டினார். அதிலிருந்து ஸ்பைரலை மட்டும் உருவி எடுத்து, நம் 24 லேண்ட் டெக்கில் சொருகினால் அந்த யோசனை கூடவே வந்துவிடாது.

இன்று ராத்திரி உங்கள் பச்சை-நீல டெக்கை எடுத்து லேண்டை எண்ணிப் பாருங்கள். 24, 25 என்று வந்தால் அதிலிருந்து நாலு ஸ்பைரலை எடுத்துவிட்டு, பத்து ஆட்டம் ஆடுங்கள். பிறகு 28 லேண்டோடு திரும்ப வைத்து இன்னொரு பத்து. பத்துப் பத்து ஆட்டம் புள்ளியியலுக்குப் போதாது, எனக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது டர்னில் உங்கள் கையைப் பார்க்கும்போது, நீங்கள் ரேம்ப் செய்தீர்களா, இல்லை அட்வான்ஸ் வாங்கினீர்களா என்பது ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்க்கப் பழகிய பிறகு, அடுத்த செட்டில் இதே மாதிரி ஒரு கார்டு வரும்போது யாரிடமும் கேட்காமல் நீங்களே சொல்லிவிடுவீர்கள், அது உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று.